களியக்காவிளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் இடைப்பட்ட நிலத்தில் பதவி உயர்வு: ஓர் ஆய்வு

பதவி உயர்வு என்றால் மேலே போவது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. நாஞ்சில் நாட்டைப் பொறுத்தவரை இது பிழை. இங்கே மேலே போவதற்கு இடமில்லை, வெளியேதான் போக வேண்டும். தெற்கே கடல். மிச்சம் இருப்பவை இரண்டு வாசல்கள்: வடமேற்கே களியக்காவிளை, வடகிழக்கே ஆரல்வாய்மொழி. எனவே ஒருவரின் பதவி எவ்வளவு பெரியது என்பதை, இந்த இரண்டில் எதைத் தாண்டி எத்தனை கிலோமீட்டர் போனார் என்று அளப்பதே அறிவியல் முறை. சம்பளத்தை இந்த ஆய்வு தொடவில்லை. அதைக் கல்யாண வீட்டுப் பந்தியில் எப்படியும் கேட்டுவிடுவார்கள்.

முன்னோடிச் சான்றுகள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. தலக்குளத்து வேலுத்தம்பி காரியக்காரராக இருந்தவர்; களியக்காவிளை வழியே போய்த் திருவிதாங்கூரின் தளவாய் ஆனார். 1809-இல் கம்பெனிப் படை துரத்த, மண்ணடிக் கோயிலில் உயிரை விட்டார். அதே வாசல் வழியே திருவனந்தபுரம் போய், அங்கிருந்து பெங்களூருக்கு நகர்ந்த மேல சரக்கல்விளை சிவன் 2018-இலும், மேலக்காட்டுவிளை நாராயணன் 2025-இலும் இஸ்ரோ தலைவர் ஆனார்கள். ஆகவே வாசல்மேல் குற்றமில்லை என்று கொள்ளலாம்.

கடல்வழிப் பதவி உயர்வுக்கு ஒரே சான்று டிலனாய். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைக் கைதி, மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பழக்கி ‘வலிய கப்பித்தான்’ ஆகி, 1777-இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறார்கள். முப்பத்தாறு வருஷம் ஊருக்கு டிரான்ஸ்பர் கேட்காத ஒரே அதிகாரி இவராகத்தான் இருப்பார்.

ஆனால் இந்த மண் மனதார மதித்தது வேறொரு வகையை. 1963-இல் முதலமைச்சர் பதவியைத் தானாக விட்ட காமராஜர், 1964-இலும் 1966-இலும் பிரதமர் நாற்காலியில் அடுத்தவரை உட்கார வைத்தார். 1967-இல் விருதுநகர் அவரைத் தோற்கடித்தது. 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் அவரை ஆரல்வாய்மொழி வழியே உள்ளே அழைத்து எம்.பி. ஆக்கியது. பெரிய பதவியை வேண்டாம் என்றவருக்கு நாங்கள் ஓட்டுப் போட்டோம். இந்த வரலாற்றை, இந்த ஆய்வின் ‘மாதிரி நபர்’ தன் வசதிக்கு அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்.

மாதிரி நபர் என்பவர், ஒரு வங்கியில் ஸ்கேல் நான்கில் சீஃப் மேனேஜராக இருக்கும் ஐம்பத்திரண்டு வயது ஆண். இவருக்கும் கட்டுரையாளருக்கும் வீட்டு முகவரி ஒன்றுதான் என்பதை வாசகர்கள் பெரிதுபடுத்த வேண்டாம். அடுத்த படி ஏ.ஜி.எம். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: ‘இந்தியாவில் எங்கும் பணியாற்றச் சம்மதம்.’

களஆய்வு வீட்டுப் புறவாசலில் நடந்தது. மாதிரியின் தாயார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“மக்களே, மேனேஜருக்கு மேல என்ன இருக்கு?”

“ஏ.ஜி.எம்.”

“அதுக்கு மேல?”

“டி.ஜி.எம்., பொறவு ஜி.எம்.”

“அப்பொ இதுக்கு ஒரு முடிவே கெடையாதா?” என்று கேட்டுவிட்டு, காம்புகளைத் தனியே ஒதுக்கினார். நிர்வாகவியல் புத்தகங்கள் பல பக்கங்களில் தடுமாறும் இடம் இது.

மனைவியின் சோதனை இன்னும் நுட்பமானது. “அங்க மட்டிப்பழம் கெடைக்குமா?” எந்த ஊர் என்றே தெரியாத நிலையில் இந்தக் கேள்விக்கு விடை ஒன்றுதான்: கிடைக்காது. விரலளவு நீளம், மெல்லிய தோல், புவிசார் குறியீடு பெற்ற பழம். நாலு நாள் ரயிலில் வைத்தால் பையோடு சேர்த்துத் துவைக்க வேண்டும்.

சக ஊழியர் ஒருவர் வடசேரி டீக்கடையில், ரசவடையைப் பிட்டபடி எதிர்வாதம் வைத்தார். “வே, திப்ருகர்ல போட்டாலும் நீரு பயப்படாண்டாம். விவேக் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரிக்கு நேர் வண்டி. மாறி ஏற வேண்டிய சோலியே இல்ல, கேட்டீரா?” நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நமது அளவுகோலின்படி பார்த்தால் இதைவிடப் பெரிய பதவி இந்திய ரயில்வே வரைபடத்திலேயே இருக்காது. அந்த நண்பர் இருபது வருஷமாக ஒரு பிரமோஷனுக்கும் எழுதாமல் பார்வதிபுரத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிறார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வியாழன் இரவு பத்து மணி நிலவரம்: பெயர், பணியாளர் எண், ரத்த வகை வரை நிரப்பியாயிற்று. கட்டத்துக்கு நேராக அம்புக்குறி நின்றபோது, காற்றில் தென்னை மட்டை ஒன்று கம்பியில் விழுந்து தெரு முழுக்கக் கரண்ட் போனது. மின்வாரியத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் இன்னும் போன் செய்யவில்லை.