ரத்தத்தில் காந்தம் ஒட்டுமா?

(இந்த இதழில் வேதியியல் கேள்விகள் மட்டும். ராசிக்கல் பற்றியும் ரேஷன் அட்டை பற்றியும் கேட்டவர்கள் பொறுத்தருள்க.)

கேள்வி: காந்தப் படுக்கையில் படுத்தால் ரத்தத்தில் இருக்கும் இரும்பு சுறுசுறுப்பாகி ஓட்டம் அதிகரிக்கும் என்று சொல்லி, ஒரு படுக்கையை என் தலையில் கட்டிவிட்டார்கள். உண்மையா?
*– முதுகுவலிக்காரர், ஈரோடு*

பதில்: ஓட்டம் அதிகரித்திருக்கும், விற்றவருக்கு. இந்நேரம் மாவட்ட எல்லையைத் தாண்டியிருப்பார்.

வளர்ந்த மனித உடம்பில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்புதான். அதில் பெரும்பகுதி ஹீமோகுளோபினில் இருக்கிறது. ஆணியில் இரும்பு அணுக்கள் கூட்டம் கூட்டமாக ஒரே திசை பார்த்து நிற்கும், அதனால் காந்தம் இழுக்கும். ரத்தத்தில் ஒவ்வொரு இரும்பு அணுவும் ‘ஹீம்’ என்ற வளையத்தின் நடுவே, புரதத்தின் மடிப்புக்குள் தனிக்குடித்தனம். கூட்டணி இல்லாத ஊரில் காந்தத்துக்கு ஏது செல்வாக்கு?

இதைவிட வேடிக்கை, ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினைக் காந்தம் இழுப்பதற்குப் பதில் மிக மிக லேசாகத் தள்ளும். ஆக்ஸிஜன் இறங்கியதும் லேசாக இழுக்கும். 1936-ல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் கலிஃபோர்னியாவில் அளந்து சொன்ன விஷயம் இது. மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று எம்.ஆர்.ஐ. படம் எடுக்கிறார்களே, அந்த முறையை 1990-ல் செய்ஜி ஒகாவா உருவாக்கியது இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான். நாற்காலியையே இழுத்து ஒட்டவைக்கும் அந்த இயந்திரத்துக்குள் படுத்தவர்கள் படுத்தபடியேதான் வெளியே வருகிறார்கள். விற்றவர் கையில் கிடைத்தால் இதைச் சொல்லிப் பணத்தைக் கேளுங்கள்.

கேள்வி: மாப்பிள்ளை ‘உலோகப் புரதம்’ என்று ஏதோ ஒரு தலைப்பில் பி.எச்டி. செய்கிறார். இது ஐந்தாவது வருஷம். உறவுக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது?
*– பெண்ணைக் கொடுத்தவர், கும்பகோணம்*

பதில்: முதலில் உங்களுக்கு ஓர் ஆறுதல். ஹீமோகுளோபினின் உருவத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை மாக்ஸ் பெருட்ஸ் 1937-ல் கேம்பிரிட்ஜில் ஆரம்பித்தார். முடித்தது 1959-ல். நடுவே போர் வந்தது. ஆஸ்திரியாவில் பிறந்தவர் என்பதற்காக இங்கிலாந்து அரசு அவரைப் பிடித்துக் கனடாவுக்குக் கப்பலேற்றியது. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1962-ல் நோபல். உங்கள் மாப்பிள்ளைக்கு இன்னும் காலம் இருக்கிறது.

இனி வேலையைப் பற்றி. உலோகப் புரதமான ஹீமோகுளோபினில் கிட்டத்தட்ட 10,000 அணுக்கள். இரும்பு அதில் வெறும் 4. ஆனால் ஆக்ஸிஜனைப் பிடிப்பதும் விடுவதும் அந்த நாலுதான். ‘அப்படியென்றால் மிச்சமெல்லாம் எதற்கு?’ என்று கேட்டவர்கள் புரதத்தைக் கழற்றிவிட்டு, ஹீமை மட்டும் கரைசலில் போட்டு ஆக்ஸிஜனைக் காட்டினார்கள். இரண்டு ஹீம்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, நடுவில் ஓர் ஆக்ஸிஜன் அணுவைச் சிறைவைத்து, துருப்பிடித்ததுபோல ஆகிவிட்டன. பிடித்ததை விடுகிற பெருந்தன்மை போய்விட்டது. இரும்பு அதே இரும்புதான். யார் மடியில் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் அதன் குணம்.

1970-களில் ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் கால்மன் குழு, ஹீம் வளையத்தின் ஒரு பக்கத்தில் நாலு மூலைக்கும் முளை நட்டதுபோல அணுக்கூட்டங்களைக் கட்டியது. இன்னொரு ஹீம் கிட்டே வர முடியவில்லை. ஆக்ஸிஜன் வந்தது, திரும்பிப் போனது. புரதமே இல்லாமல் புரதத்தின் வேலை! இதற்கு ‘மாதிரிச் சேர்மம்’ என்று பெயர். நம் பக்கத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் பென்சீன் மாதிரியான வளையங்களை உடைத்துத் தின்னும். உடைப்பது இரும்பு உள்ள நொதிகள். அவற்றுக்கு மாதிரிகள் செய்து பார்த்தது திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பழனியாண்டவரின் குழு.

மாப்பிள்ளை அன்றாடம் செய்வது இது. நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டி ஒன்று இருக்கும். அதில் செருகியிருக்கும் முழங்கை நீள ரப்பர் உறைக்குள் கையை விட்டு, காற்றே படாமல் ஒரு பொடியைக் கரைப்பார். எங்கோ ஓர் ஊசித்துளை வழியே காற்று புகும். அழகான ஊதாக் கரைசல் கண்ணெதிரே பழுப்பாகும். மூன்று வார வேலை அதோடு சரி. வீட்டுக்கு வந்தால் ‘படிகம் வந்துச்சா மாப்ளே?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நல்ல படிகம் கிடைத்தால்தான் எக்ஸ்-ரே படம், படம் இருந்தால்தான் கட்டுரை, கட்டுரை வந்தால்தான் பட்டம். உறவுக்காரர்களிடம் ‘புரதம் செய்கிறதை அது இல்லாமலே செய்து பார்க்கிறார்’ என்று சொல்லுங்கள். மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

கேள்வி: நண்டுக்கு ரத்தமே கிடையாதாமே? நானும் எத்தனையோ நண்டு உடைத்திருக்கிறேன், பார்த்ததில்லை.
*– நண்டுப் பிரியை, நாகப்பட்டினம்*

பதில்: உண்டு. அதில் இரும்புக்குப் பதில் தாமிரம். ஆக்ஸிஜன் ஏறினால் இளநீலம், இறங்கினால் நிறமே இல்லை. மசாலா பிரட்டிய பிறகு தேடினால் எப்படித் தெரியும்?

கேள்வி: கீரையில் புளி விட்டால் பச்சை போய்ப் பழுப்பாகிறது. மாமியார் என் கைப்பக்குவத்தைக் குறை சொல்கிறார்.
*– புதுமணப்பெண், விருதுநகர்*

பதில்: குற்றவாளி மெக்னீசியம். பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பது அதுதான். புளியின் அமிலம் அதைக் கிளப்பிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு ஹைட்ரஜனை உட்காரவைக்கும். நிறம் போய்விடும். மாமியார் கடைந்தாலும் இதே கதைதான், வேண்டுமானால் அடுத்த முறை அவரையே புளி விடச் சொல்லுங்கள். சோடா உப்பு போட்டால் பச்சை நிற்கும், ஆனால் வைட்டமின்கள் சில கெடும். நிறத்துக்காக அந்த வேலை வேண்டாம்.

கேள்வி: கேஸ் கீசர் புகையில் மயங்கியவரை வெயிலில் கிடத்தினால் போதும், வெளிச்சம் பட்டால் ரத்தத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு கழன்றுவிடும் என்று எங்கள் தெருவில் ஒரு தம்பி சொல்கிறான். எம்.எஸ்சி. படித்தவன்.
*– பக்கத்து வீட்டுக்காரர், ஓசூர்*

பதில்: தம்பி படித்தது சரி, சொன்னது ஆபத்து. உடனே கதவு ஜன்னலைத் திறந்து, ஆளைக் காற்றோட்டத்துக்குத் தூக்கி வந்து, 108-க்குப் போன் செய்யுங்கள். அவருக்குத் தேவை ஆக்ஸிஜன். கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும். வெயில் தோலைத் தாண்டி அத்தனை ரத்தத்தையும் எட்டாது.

சோதனைக் குழாயில் மட்டும் தம்பி சொன்னது நடக்கும். 1890-களிலேயே ஜான் ஸ்காட் ஹால்டேன் இதைக் கவனித்தார். சுரங்க விபத்துகளில் இறந்தவர்களை ஆராய்ந்து, பலரைக் கொன்றது வெடி அல்ல, இந்த வாயுதான் என்று சொன்னவர் அவர். விஷமேறிய ரத்தக் கரைசலை நல்ல வெளிச்சத்தில் வைத்தால் வாயு கழல்கிறது, இருட்டில் வைத்தால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. இதில் என்ன பிரயோஜனம் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருக்கலாம்.

பிரயோஜனத்தைப் பெர்லினில் 1920-களில் ஓட்டோ வார்பர்க் காட்டினார். உயிரணு மூச்சுவிட ஒரு நொதி உதவுகிறது என்று தெரியும், அது என்ன என்று தெரியாது. கையில் கிடைக்கவும் இல்லை. ஈஸ்டுக்குக் கார்பன் மோனாக்சைடு கொடுத்து மூச்சை அடக்கினார். விளக்கைப் போட்டார், மூச்சு திரும்பியது. அணைத்தார், அடங்கியது. பிறகு ஒவ்வொரு நிறமாகப் போட்டு, எந்த நிறத்துக்கு எவ்வளவு மூச்சு திரும்புகிறது என்று வரைந்தார். வரைபடம் அப்படியே ஹீமின் சாயல்! நொதியைக் கண்ணால் பார்க்காமலே, அதற்குள் இருப்பது ஹீம் வகை இரும்பு என்று சொல்லிவிட்டார். 1931-ல் நோபல். ஆளைப் பார்க்காமல் ஜாதகத்தை மட்டும் பார்த்து அங்க அடையாளம் சொல்கிறவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. சொன்னது பலித்தது வார்பர்க்குக்கு.

1950-களில் ஷெஃபீல்டில் க்வென்டின் கிப்சன் ஒரு படி மேலே போனார். விஷமேறிய ஹீமோகுளோபின் மீது பளிச்சென்று ஒரு மின்வெட்டொளி. வாயு அத்தனையும் ஒரே நொடியில் கழன்றுகொள்ளும். அது மறுபடி எவ்வளவு வேகத்தில் ஏறி உட்காருகிறது என்று அளந்தார். ஒளியை வைத்து உலோகத்தின் பிடியைத் தளர்த்துவது, பிறகு வேடிக்கை பார்ப்பது: இன்றைக்குப் பல பல்கலைக்கழகங்களில் லேசர் வைத்துச் செய்வது இதைத்தான், இன்னும் லட்சக்கணக்கான மடங்கு வேகமாக.

கேள்வி: பி12 ஊசி மருந்தை ஏன் எப்போதும் பழுப்புக் கண்ணாடியில் தருகிறார்கள்? கம்பவுண்டர் அதையும் காகிதத்தில் சுற்றித் தருகிறார்.
*– கை கால் மரத்தவர், மதுரை*

பதில்: கம்பவுண்டருக்கு ஒரு வணக்கம். பி12-க்குள் இருப்பது கோபால்ட். அந்தக் கோபால்ட், கார்பனோடு நேரடியாகக் கைகோத்திருக்கிறது. உயிருலகில் உலோகமும் கார்பனும் இப்படிச் சேர்வது அபூர்வம். 1950-களின் நடுவில் ஆக்ஸ்ஃபோர்டில் டோரத்தி ஹாட்ஜ்கின் பி12-ன் உருவத்தைக் கண்டு சொன்னபோது எல்லோரும் மூக்கில் விரல் வைத்தார்கள். 1964-ல் அவருக்கும் நோபல். (இந்தத் துறையில் நோபலைத் தடுக்கி விழாமல் நடக்க முடியாது.) அந்தப் பிணைப்பின் பலவீனம், வெளிச்சம் பட்டால் அறுந்துவிடும். அதனால்தான் பழுப்புக் குப்பி.

நமக்குத் தொந்தரவாக இருக்கும் இந்தக் குறையைச் சில பாக்டீரியாக்கள் பிழைக்கும் வழியாக்கிவிட்டன. அவற்றில் ‘கார்-ஹெச்’ என்று ஒரு புரதம். அதன் நாலு பிரதிகள் பி12-ஐ மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றாகச் சேர்ந்து டி.என்.ஏ.வைக் கவ்விப் பிடித்திருக்கும். வெளிச்சம் பட்டால் பி12-ன் பிணைப்பு அறும், நாலும் சிதறும், டி.என்.ஏ. விடுபடும், உடனே கரோட்டினாய்டு நிறமி தயாரிப்பு ஆரம்பமாகும். அந்த நிறமி வெளிச்சத்தின் கெடுதலிலிருந்து காக்கும். அதாவது, வெயில் வந்ததைச் சொல்வதும் வைட்டமின், குடையை விரிப்பதும் அதே வைட்டமின். மனிதன் காகிதத்தில் சுற்றுகிறான், பாக்டீரியா பயன்படுத்திக்கொள்கிறது. இந்தப் புரதம் இருட்டிலும் வெளிச்சத்திலும் எப்படி இருக்கிறது என்ற படம் 2015-ல் எம்.ஐ.டி.யிலிருந்து ஸ்பெயின் ஆய்வாளர்களோடு சேர்ந்து வந்தது. அடுத்த இரண்டு வருஷத்தில், வெளிச்சம் காட்டினால் கரைந்து உள்ளே இருப்பதை விடுவிக்கும் ஜெல்லியை இதே புரதத்தை வைத்து ஹாங்காங்கில் செய்துவிட்டார்கள்.

கேள்வி: பச்சைப் பிள்ளையைக் கண்ணைக் கட்டி நீல விளக்கடியில் போட்டிருக்கிறார்கள். காலை வெயிலில் காட்டினால் மஞ்சள் காமாலை போகாதா என்றேன். மருமகள் முறைக்கிறாள். யார் சொல்வது சரி?
*– பாட்டி, திருநெல்வேலி*

பதில்: மருமகள் சொல்வதுதான் சரி பாட்டி. ஆனால் அந்த விளக்கைக் கண்டுபிடித்ததில் உங்கள் கட்சிக்கும் பங்கு உண்டு.

பழைய சிவப்பணு உடையும்போது உடம்பு ஹீம் வளையத்தை வெட்டி, இரும்பை மட்டும் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொள்ளும். மிஞ்சுவது மஞ்சள் நிற பிலிருபின். தண்ணீரில் கரையாத பண்டம். வளர்ந்தவர்களின் கல்லீரல் அதைக் கரையும்படி மாற்றி வெளியே அனுப்பிவிடும். பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அந்த வேலை இன்னும் கைவரவில்லை.

1956-ல் இங்கிலாந்தில் எஸெக்ஸ் மாவட்டத்து ராச்ஃபோர்ட் மருத்துவமனை. வார்டு என்ற செவிலியருக்கு உங்களைப்போலவே காற்றிலும் வெயிலிலும் நம்பிக்கை. குறைமாதக் குழந்தைகளை முற்றத்துக்கு எடுத்துப் போவார். ஒருநாள் ஒரு குழந்தையை மருத்துவர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் வெளிறியிருக்க, துணி மூடியிருந்த இடம் மட்டும் அடர் மஞ்சள். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு, பரிசோதனைக்கு எடுத்த ரத்தக் குழாய் ஒன்று ஜன்னலோர வெயிலில் கிடந்துவிட்டது. அளந்தால் பிலிருபின் குறைவு! 1958-ல் கிரெமர் என்ற மருத்துவர் சகாக்களோடு நீலக்குழல் விளக்குத் தொட்டிலைச் செய்து முடிவுகளை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்.

பிலிருபின் மூலக்கூறு தன் கைகளைத் தனக்குள்ளேயே மடித்துக் கட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் தண்ணீரோடு சேராது. நீல ஒளி பட்டதும் ஓர் இரட்டைப் பிணைப்பு திரும்பும், கட்டு அவிழும், கல்லீரல் மாற்றிக் கொடுக்காமலே பித்தத்தோடு வெளியே போய்விடும். வேண்டியது அந்த நீலம் மட்டும். வெயிலில் அதோடு புற ஊதாவும் சூடும் சேர்ந்து வரும், அளவும் நம் கையில் இல்லை. பிலிருபின் எல்லை மீறினால் மூளையைத் தாக்கும். கண்ணைக் கட்டியிருப்பது விழித்திரையைக் காப்பாற்ற. மருமகளோடு சமாதானமாகிவிடுங்கள்.

கேள்வி: வெயிலில் கறுக்கும் மூக்குக்கண்ணாடி வாங்கினேன். ஊட்டியில் கன்னங்கரேல் என்று ஆனது, வேலூரில் பாதிதான் கறுக்கிறது. போலியா?
*– ஏமாந்தவர், வேலூர்*

பதில்: அசல்தான். புற ஊதா பட்டால் அதிலுள்ள மூலக்கூறின் வளையம் திறந்து நிறம் வரும். சூடு அதை மறுபடி மூடும். உங்கள் ஊரில் திறக்கத் திறக்க மூடிக்கொண்டே இருக்கிறது. குளிர்ந்த ஊரில் திறந்தது திறந்தபடி. கார் ஓட்டும்போதும் சரியாகக் கறுக்காது, முன்கண்ணாடியே புற ஊதாவைத் தடுத்துவிடும்.

கேள்வி: புற்றுநோய்க்கு வெளிச்சம் பட்டால் மட்டும் வேலை செய்யும் உலோக மருந்து வருகிறதாமே?
*– நம்பிக்கை உள்ளவர், சேலம்*

பதில்: வழியில் இருக்கிறது. பிளாட்டினத்தில் செய்த சிஸ்பிளாட்டின் 1978-லிருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. கட்டியையும் தாக்கும், சிறுநீரகத்தையும் விடாது. இருட்டில் தூங்கி, வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும் மருந்து இருந்தால் அந்தத் தொல்லை குறையுமே என்பது யோசனை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அகில் சக்ரவர்த்தியின் குழு இரும்பு, வனேடியம் சேர்மங்களை வைத்து ஆய்வக உயிரணுக்களில் இதைச் செய்து காட்டியிருக்கிறது. ருத்தீனியம் மருந்து ஒன்று சிறுநீர்ப்பைப் புற்றுக்காக நோயாளிகளிடமே பரிசோதனையில் இருக்கிறது. சிக்கல், ஒளி உடம்புக்குள் ஆழமாகப் போகாது. செல்போன் டார்ச்சை விரலில் அழுத்திப் பாருங்கள், சிவப்பு மட்டும்தான் ஊடுருவி வரும். அதனால் சிவப்புக்கு விழிக்கிற சேர்மமாகத் தேடுகிறார்கள். அதுவரை மருத்துவர் தருவதை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஒளி உணரும் சேர்மங்களில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. சேரலாமா?
*– எம்.எஸ்சி. முடித்தவள், கோவில்பட்டி*

பதில்: குடுவைக்கெல்லாம் சமையல் ஃபாயில் சுற்றி, கதவில் ‘விளக்கைப் போடாதே’ என்று எழுதி ஒட்டி, மங்கிய சிவப்பு விளக்கில் பொடியை நிறுத்துப் போடப் பிடிக்குமென்றால் தாராளமாக. கரண்டு போனால் உங்கள் சேர்மம் சந்தோஷப்படும், மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் இருக்கும் புரதம் செத்துப்போகும். ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.