நண்பருக்காக வந்தவர்

பல் கிளினிக்குக்கு நேர் மேல்மாடியில் அறை பிடிக்கும் மனநல ஆலோசகருக்கு ஊர் நிலவரம் நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். கீழே நிற்கும் வாட்ச்மேனிடம் "பல்லு" என்று சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் மேலே ஏறிவிடலாம். நம் ஆசாமியும் அப்படித்தான் ஏறுவார். நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காகக் கன்னத்தில் ஒரு கையையும் வைத்துக்கொள்வார். கொரோனா ஓய்ந்து இத்தனை காலம் ஆகியும் சட்டைப்பையில் முகக்கவசம் வைத்திருக்கும் வெகு சிலரில் இவரும் ஒருவர். ஆனால் அது கிருமிக்குப் பயந்து அல்ல.

ஐம்பதைத் தாண்டியவர். வங்கி, மின்வாரியம், பள்ளிக்கூடம் என்று எங்கேயோ கௌரவமான வேலை. வீட்டுக் கடன் பாதி அடைந்துவிட்டது. மூத்த பெண்ணுக்கு ஜாதகம் எடுத்தாயிற்று. இவருக்கு ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் இவருடைய நண்பருக்குத்தான்.

"பேஷன்ட் பேரு சொல்லுங்க சார்" என்று வரவேற்பில் இருக்கும் பெண் நோட்டைத் திறப்பாள்.

"பேஷன்ட் வரலைம்மா. என் ஃப்ரெண்டு ஒருத்தர். அவருக்காகச் சும்மா விசாரிச்சுட்டுப் போலாம்னு..."

"சரிங்க சார். வயசு?"

"அம்பத்திமூணு. அவருக்கு."

"போன் நம்பர்?"

சற்று யோசித்துவிட்டுத் தன் நம்பரையே கொடுப்பார். "அவரு போனை எடுக்க மாட்டாரு, எனக்கே அடிங்க. ஆறு மணிக்கு மேல வேணாம்மா, வீட்ல இருப்பேன்."

இந்த மாடிப்படிக்கு வந்து சேருமுன் அவர் ஏறி இறங்கிய படிகள் ஏராளம். மார்பு படபடவென்று அடித்தபோது இசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் பார்த்தார். கை நடுங்கியதும் தைராய்டு, வயிறு பிசைந்ததும் எண்டோஸ்கோபி. எல்லா ரிப்போர்ட்டும் "நார்மல்". டாக்டர் சிரித்துக்கொண்டே அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் இவர் முகம் தொங்கிவிடும். ஒரு சின்ன அடைப்பாவது இருந்து தொலைத்திருக்கக் கூடாதா? ஸ்டென்ட் வைத்தவருக்கு நம் கல்யாண வீடுகளில் இருக்கும் மரியாதையே தனி. எந்த ஆஸ்பத்திரி, எந்தக் குழாயில் எத்தனை சதவீதம், பில் எத்தனை லட்சம் என்று அவர் விவரிப்பதைப் பக்கத்து இலைக்காரர் பாயசத்தை மறந்து கேட்பார். அதே பந்தியில் உட்கார்ந்து, "ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது, காரணமே இல்லாம பயமா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் கை கழுவுவதற்குள் பெண்ணின் ஜாதகம் திரும்பி வந்துவிடும்.

குணசீலத்துக்கும் போய் வந்தார். திருச்சிப் பக்கத்துப் பெருமாள். மனம் தெளிய வேண்டி அங்கே ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்குகிறவர்கள் உண்டு. இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடித்துக்கொண்டார். அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டபோது நண்பரின் பெயர் என்று வாயில் வந்த ஒன்றைச் சொன்னார். நட்சத்திரம் மட்டும் தன்னுடையது. பெருமாள் பாட்டுக்குப் பலனை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால்?

இவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. சென்னையின் மனநல மருத்துவமனை தொடங்கியது 1794-இல். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் வைத்தியம் பார்த்த இடத்துக்கு நாம் செய்த கைம்மாறு, அது இருக்கும் பேட்டையின் பெயரையே வசவாக்கியது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த சாரதா மேனன் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்பட்டவர். 1984-இல் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பையும் தொடங்கினார். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? "நேரா கீழ்ப்பாக்கம்தான்" என்ற சினிமா வசனம் எல்லாருக்கும் தெரியும். நம் ஆசாமியும் வாலிபத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து அதற்கு விசிலடித்தவர்தான்.

உள்ளே ஆலோசகர் முன்னால் நண்பரின் கதை தொடங்கும். நண்பரும் இதே ஆபீஸ், இதே செக்‌ஷன். அவருக்கும் இரண்டு பெண்கள்.

"நடு ராத்திரில முழிச்சுக்கிறாரு மேடம். மறுபடி தூக்கமே வர்றதில்ல. ஃபேனையே பார்த்துக்கிட்டு கிடக்கேன்... கிடக்குறாராம். அவரு சொன்னத அப்படியே சொல்றேன்."

மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "சொல்லுங்க சார், ஃபேனைப் பார்த்துக்கிட்டு என்ன யோசிக்கிறாரு?"

அவ்வளவுதான். அடுத்த முக்கால் மணி நேரம் நண்பர் மடை திறந்துவிடுவார். பதவி உயர்வு போனது, இளையவன் மேலதிகாரியாக வந்தது, அப்பா கடைசி நாளில் கூப்பிட்டபோது ஆடிட்டிங் என்று போகாமல் இருந்தது. கடைசி விஷயத்தைச் சொல்லும்போது இவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைப்பார். நண்பர் மேல் அத்தனை பாசம்.

போகும்போது முக்கியமான கேள்வி வரும். "இதெல்லாம் ரெக்கார்டுல ஏறுமா மேடம்? பொண்ணு கல்யாணம்... அவரு பொண்ணு."

2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி நோயாளி சொல்வதை ரகசியமாகக் காப்பது சிகிச்சை தருபவரின் கடமை என்று மேடம் விளக்குவார். அதே சட்டம், மருத்துவக் காப்பீட்டில் உடம்பு நோயையும் மன நோயையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று சொல்வதையும் சேர்த்துக்கொள்வார். இவர் தலையாட்டிவிட்டு, ஃபீஸை ஜிபேயில் அனுப்பி, குறிப்பில் "டென்டல்" என்று போடுவார். சட்டம் மனைவியின் கண்ணை மறைக்காது அல்லவா.

நண்பருக்கு வீட்டுப்பாடமும் உண்டு. சாயங்காலம் அரை மணி நேரத்தைக் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்கி, எல்லாக் கவலையையும் நோட்டில் எழுத வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால் "ஆறரைக்கு வா" என்று திருப்பி அனுப்ப வேண்டும். தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல், எழுந்து போய் வேறு அறையில் உட்கார வேண்டும். கேட்க ஏதோ விளையாட்டு மாதிரி இருந்தாலும், உலகெங்கும் சிகிச்சையில் கையாளும் முறைகள்தாம். மறு வாரம் நம்மவர் பையிலிருந்து ஒரு டைரியை எடுப்பார். மூன்று பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

"நண்பருக்குக் கையெழுத்து நல்லா இருக்கே சார்."

"நான்தான் காப்பி பண்ணி எடுத்துட்டு வந்தேன் மேடம். ஒரிஜினல் அவர்கிட்ட இருக்கு."

நாலைந்து வாரத்தில் நண்பர் தேறிவிடுவார். நண்பர் தேறத் தேற, இவர் கண்ணுக்குக் கீழே இருந்த கறுத்த வளையங்கள் மறையும். ஆபீசில் பியூனிடம் எரிந்து விழுவது குறையும். அப்புறம் கேன்டீனில் வாடிய முகத்தோடு யார் உட்கார்ந்திருந்தாலும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இப்படித்தான் இருந்தாரு..." என்று ஆரம்பித்துவிடுவார். அந்த மேடத்துக்கு இவரைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. தினம் ரெண்டு பேர் பல்லைப் பிடித்துக்கொண்டு மாடியேறுகிறார்கள்.

மனசைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். பேசுகிறவர்கள் பேசட்டும். ஆனால் வாசற்படி தாண்ட ஒரு நண்பரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறவரை நான் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். அவர் வந்துவிட்டார், அது போதும். யாராவது உங்களிடம் "என் ஃப்ரெண்டுக்குக் கேக்குறேன்" என்று இழுத்தால், எந்த ஃப்ரெண்டு என்று நோண்டாதீர்கள். ஒரு நம்பரை மட்டும் கொடுங்கள்: 14416. 2022-இல் தமிழ்நாடு அரசு "நட்புடன் உங்களோடு" என்று பெயர் வைத்துத் தொடங்கிய மனநல சேவை. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். கட்டணம் கிடையாது.