கட்டை வைத்த பையன்

என் முதல் உத்தியோகத்துக்கு நியமனக் கடிதம் தரப்படவில்லை. 1968இல், பத்து வயதில், தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயாவின் மொரிஸ் மைனருக்குக் கட்டை வைக்கும் பையனாகச் சேர்ந்தேன். சம்பளம் ஒரு பணிசும் ஒரு பிளேன்டீயும்.

கிளாக்கர் ஐயா காரை வாங்கினாரே ஒழிய ஓட்டப் பழகவில்லை. வார நாட்களில் கொழுந்து லொறி ஓட்டும் என் அப்பாதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கும் டிரைவர். இரண்டு சின்னத்தொரைமார் ஓட்டித் தேய்த்த பிறகு கைக்கு வந்த கார். ஹேண்ட்பிரேக் என்று ஒன்று இருந்தது. இழுத்தால் மேலே வரும், விட்டால் கீழே போகும்; டயருக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருடம். அதைத் திருத்தக் காசு செலவழிப்பதைவிட டிரைவரின் மகனுக்கு ஒரு பணிஸ் வாங்கிக் கொடுப்பது லாபம் என்பது செக்ரோலில் சம்பளக் கணக்கு எழுதுகிற மனிதருக்குத் தெரியாதா?

வேலை இதுதான். பின்சீட்டில் இடது கதவோரம் உட்கார வேண்டும். காலடியில் கட்டை. சவுக்கு மரத்தில் ஆப்பு மாதிரிச் செதுக்கி, ஒரு முழக் கயிறு கட்டியது. ஏற்றத்தில் எஞ்சின் இரைக்கத் தொடங்கியதுமே கை கதவுப் பிடிக்குப் போய்விட வேண்டும். "கட்டை!" என்று அப்பா கத்துவார். குதித்து, பின் டயருக்கு அடியில் சொருக வேண்டும். டயர் அரை அங்குலம் உருண்டு கட்டைமேல் 'நச்'சென்று உட்காரும். விரல் உள்ளே இருந்தால் விரல் போச்சு. அப்பா திரும்ப ஸ்டார்ட் எடுத்து, கார் முனகி நகர்ந்ததும் கயிற்றை இழுத்துக் கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டும். எனக்காக நிறுத்தமாட்டார். நிறுத்தினால் மறுபடியும் கட்டை. ஆகவே சமதரை வரும்வரை ஓட்டம். பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் பாதையில், பனிமூட்டத்துக்குள் இரண்டு சிவப்பு விளக்குகளைத் துரத்திக்கொண்டு நான் ஓடிய மைல்களை எந்த மீற்றரும் எழுதி வைக்கவில்லை.

கிளாக்கர் ஐயா மட்டும் எழுதி வைத்தார். "கெலனுக்கு நாற்பது மைல் ஓடுது" என்று டீமேக்கரிடம் பெருமை பேசுவார். அந்தக் காரில் மைல் காட்டும் மீற்றர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. ரோட்டோர மைல்கட்டைகளை எண்ணித்தான் கணக்கு. நாங்கள் தள்ளிய தூரமும் அந்த நாற்பதில் அடக்கம்.

2025 சித்திரை விடுமுறைக்கு மகனின் டொயோட்டா ரைஸில் கொழும்பிலிருந்து பண்டாரவளைக்குப் போனோம். மகன், மருமகள், பேரன், என் மனைவி, நான். 'புதுக் கார்' என்றுதான் வீட்டில் அதற்குப் பெயர். அது ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 2019 நவம்பரில். அடுத்த மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. அதற்குமுன் கப்பலேறித் தப்பி வந்தவற்றில் இது ஒன்று. தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஐந்து வருடம் இதைவிடப் புதிதாக எதுவும் வராததால், வண்டி கிழடாகாமலே இருந்தது. மனிதர்களுக்கும் இப்படி ஒரு வர்த்தமானி அறிவித்தல் போட்டால் நல்லது.

சாவியைத் திருப்புகிற வழக்கமெல்லாம் போய்விட்டது. பொத்தானை அமுக்கியதும் ஒரு பெண்குரல், "ஈட்டிசீ காடோ கா சோன்யூ சரெத்தே இமாசென்" என்றது. என் மனைவி ஒரு வருடமாக அதைப் பிரயாண வாழ்த்து என்றே நினைத்து, மனதுக்குள் பிள்ளையாரையும் கூட்டிக்கொண்டு கைகூப்பி வந்தாள். நெடுஞ்சாலைக் கட்டணம் கட்டும் அட்டையைச் செருகவில்லை என்று ஜப்பான்காரி குறைசொல்கிறாள் என மகன் விளக்கிய பிறகும் கும்பிடுவதை நிறுத்தவில்லை.

மருமகளுக்குத் தெற்கு அதிவேகப் பாதையில் போய், வெல்லவாய வழியாக எல்லவுக்கு ஏறுகிற யோசனை. நான் பழைய பாதை என்று பிடிவாதமாக நின்றேன்: அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை, பெலிஹுல்ஓயா, ஹல்துமுல்ல, பெரகலை. ஏறக்குறைய 200 கிலோமீற்றர். பழைய உத்தியோக ஸ்தலத்தை ஒருதரம் பார்க்கிற ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்சீட்டில் எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே எண்ணைப் பார்த்தேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால், ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்று ஓயாமல் காட்டுகிற எண். மகன் ரோட்டைப் பார்க்கிற நேரம் பாதி, அதைப் பார்க்கிற நேரம் பாதி. ஜப்பானில் 18.6 என்று அச்சடித்திருக்கிறார்களாம். இரத்தினபுரியில் 15.8. பலாங்கொடையில் 16.3. "ஏசியக் கொஞ்சம் நிப்பாட்டுவமா?" என்றான். கிளாக்கர் ஐயா மறுபிறவி எடுத்து என் வீட்டிலேயே பிறந்திருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்த எண்ணைப் பார்க்கிற பழக்கம் நாட்டுக்கே 2022இல் தொற்றியது. பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போன வருடம். கியூஆர் அட்டையை நீட்டினால் காருக்கு வாரம் 20 லீற்றர். மகன் அப்போது தாளில் கணக்குப் போட்டுச் சொன்னான்: "பண்டாரவளைக்குப் போகலாம்பா. திரும்பி வர முடியாது." எனக்குச் சிரிப்பு வந்தது. போகலாம், திரும்பி வர முடியாது என்கிற பயணச்சீட்டு எங்கள் குடும்பத்துக்குப் புதிதா? 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கைக்கும் இந்தியாவுக்குமாகப் பங்குபோடப்பட்ட ஆட்கள் நாங்கள். 1974இல் சித்தப்பா குடும்பம் பண்டாரவளை ஸ்டேஷனில் ரயிலேறித் தலைமன்னாருக்குப் போய், கப்பலில் ராமேஸ்வரம் இறங்கியது. அவர்களுடைய தகரப் பெட்டிகளை ஸ்டேஷனுக்கு இறக்கிக் கொடுத்தது அதே மொரிஸ் மைனர்தான். தோட்டத்திலிருந்து டவுன்வரை இறக்கம். அன்றைக்குக் கட்டைக்கு வேலையே வரவில்லை. கெலனுக்கு எத்தனை மைல் ஓடியதென்று கிளாக்கர் ஐயாவும் கேட்கவில்லை.

கலுபஹனையில் நிறுத்தி, 263 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பம்பரகந்த நீர்வீழ்ச்சியின் பக்கமாகப் பேரனுக்குக் கைகாட்டினேன். அவன் பார்க்கவில்லை. அவனுக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டிருந்தது.

ஹல்துமுல்லவுக்கு மேலே எண் இறங்கத் தொடங்கியது. 15.4. 14.9. மகனின் முகமும் கூடவே இறங்கியது. நான் ஆறுதல் சொன்னேன்: காரும் நாங்களும் பொதிகளுமாக ஒன்றேகால் தொன்னுக்கு மேல் எடை. அதைக் கடல் மட்டத்திலிருந்து 1,431 மீற்றரில் இருக்கிற அப்புத்தளைக்குத் தூக்கி வைப்பதற்கு மட்டும் சுமார் இரண்டு லீற்றர் பெற்றோல் எரிந்தாக வேண்டும். அது ஓடுகிற கணக்கில் சேராது, மலைக்குக் கட்டுகிற வரி. ஜப்பான் நிபுணர் வந்தாலும் தள்ளுபடி கிடையாது.

ஆனால் ஏறிய விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். மொரிஸ் மைனரின் எஞ்சின் 948 சிசி, 37 குதிரை. ரைஸின் எஞ்சின் 996 சிசி. ஆயிரத்துக்குக் கீழே இருந்தால் வரி குறைவு என்பதால் இலங்கைக்காரனுக்குப் பிடித்த அளவு. சிலிண்டர் ஒன்று குறைவு, ஆனால் 98 குதிரை. இரண்டுக்கும் வயிறு ஏறத்தாழ ஒரே அளவு. வேலைதான் இரண்டரை மடங்குக்கு மேல். அப்புத்தளை உயரத்தில் காற்று கடற்கரையைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு மெல்லியது. பழைய எஞ்சின் கிடைத்த காற்றைக் குடித்துவிட்டு இரைக்கும். "வண்டிக்கு மூச்சு முட்டுது" என்று அப்பா சொன்னது சும்மா பேச்சல்ல. டர்போ வண்டி, தான் விடுகிற புகையாலேயே ஒரு சின்னக் காற்றாடியைச் சுழற்றி, வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளிக்கொள்கிறது. மலை ஏறுவது அதற்குத் தெரியவே இல்லை.

திருப்பங்களும் அப்படித்தான். ஐந்து மீற்றர் ஆரத்தில் திரும்பிவிடுகிறது. ஸ்டியரிங்கை ஒரு கையால், கிரிபத் பிசைகிற மாதிரி, மகன் உருட்டினான். அப்பா ஒவ்வொரு வளைவிலும் உடம்பு முழுவதையும் ஸ்டியரிங்கில் போட்டு, இரண்டு தரம் ஹோர்ன் அடித்துத்தான் திரும்புவார். இந்தக் காரோ தானாகவே 'பீப் பீப்' என்கிறது, வெள்ளைக் கோட்டைத் தாண்டிவிட்டோமாம். எதிரே வந்த பஸ் எங்கள் பக்கத்தில் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு யார் பீப் சொல்வது?

இவ்வளவு நளினமாகத் திரும்பியும் பேரன் பெரகலைக்கு முந்திய வளைவில் வாந்தி எடுத்துவிட்டான். மருமகள் சிலிசிலி பேக்கைச் சரியான நேரத்தில் நீட்டினாள். ஐம்பத்தேழு வருடத்துக்கு முன் அதே வளைவுகளில் கிளாக்கர் ஐயாவின் சம்சாரம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வாந்தி எடுப்பார். சஸ்பென்ஷன் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. வயிறு அதே மொடல்.

பெரகலைச் சந்தியைத் தாண்டியதும் ஏற்றத்தில் ஒரு லொறி நின்று, அதன் பின்னால் நாங்களும் நின்றோம். என் இடது கை எப்போது கதவுப் பிடிக்குப் போனதென்று எனக்குத் தெரியாது. மகன் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். கார் பின்னால் உருளவில்லை. "ரெண்டு செக்கனுக்கு அதுவே பிடிச்சுக்கும்பா" என்றான். அந்த இரண்டு செக்கனுக்குள் என் உத்தியோகம் ஒழிக்கப்பட்டது. பென்ஷன் பற்றிப் பேச்சே இல்லை.

அப்புத்தளையிலிருந்து பண்டாரவளைக்கு இறக்கம். எண் மறுபடி ஏறியது. இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிடச் சொல்லிக் கிளாக்கர் ஐயா நச்சரிப்பார்: "டிரைவர், எறக்கந்தானே, ஓஃப் பண்ணினா என்ன?" அப்பா அசையமாட்டார்: "ஏறுன கியர்லதான் எறங்கணுங்கய்யா." கியரில் விட்டு இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், நியூட்ரலில் விட்டால் பிரேக் காய்ந்து, கருகிய நாற்றம் அடித்து, அப்புறம் பிரேக்கே இருக்காது. எல்ல, வெல்லவாய இறக்கத்தில் பிரேக் போன வண்டிகளின் கதை ஊவாவில் எல்லாருக்கும் தெரியும். இந்தக் காலத்து எஞ்சின், கியரில் கிடந்து அக்சலரேட்டரை விட்டு இறங்கும்போது ஒரு சொட்டுப் பெற்றோலும் உள்ளே விடுவதில்லையாம். டயர்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது. அப்பா சொன்ன கியரும் கிளாக்கர் ஐயா கேட்ட சிக்கனமும் ஒரே காரில் சமாதானமாகப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு பேரும் பார்க்க உயிரோடு இல்லை.

பண்டாரவளை டவுனில் 14.1. மகன் படம் எடுத்துக் கூட்டாளிகளுக்கு அனுப்பினான். நான் போனில் கெலனுக்கு மாற்றிப் பார்த்தேன். 39.8 மைல்.

அப்போது பெற்றோல் லீற்றர் ஏறத்தாழ 300 ரூபாய், வந்து சேர்ந்த செலவு 4,000க்கு மேல். தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, அன்றைக்குச் சட்டப்படி 1,350. மூன்று பேர் விழுந்திருக்க வேண்டும். இதை நான் மகனிடம் சொல்லவில்லை, சித்திரை அதுவுமாக.

அத்தை இன்னும் லயத்தில்தான் இருக்கிறார். பூனாகலைப் பாதையிலிருந்து பிரிந்து, மேல்கணக்கு லயம்வரை ஒரு மைல் ஏற்றம். கொங்கிறீட் போட்டு, கொங்கிறீட் உடைந்து, உடைந்த இடத்தில் பாசி. பின்னேர மழை தூறத் தொடங்கியிருந்தது. கடைசித் திருப்பத்தில் முன் டயர்கள் இரண்டும் அந்த இடத்திலேயே சுற்றின. ஒரு மஞ்சள் விளக்கு சிமிட்டியது. கார் நின்றது. இரண்டு செக்கன் பிடித்தது. பிறகு மெல்லப் பின்னால் வழுக்கியது.

"அப்பா..." என்று மகன் தொடங்கும்போது நான் வெளியே நின்றேன். தேயிலைக் கானோரத்தில் கல் கிடந்தது, நல்ல ஆப்பு வடிவம். குனியும்போது முழங்கால் ஒரு சத்தம் போட்டது. பின் டயருக்கு அடியில் சொருகினேன். 'நச்.' விரல் பத்திரம்.

"இப்ப எடு. நிப்பாட்டாதே!"

அவன் நிறுத்தவில்லை. தூறலுக்குள் இரண்டு சிவப்பு விளக்குகள் மேலே போயின. நான் கல்லை எடுத்துக்கொண்டு நடந்தேன். அறுபத்தேழு வயதில் ஓட முடியாது; ஆனால் கல்லை ரோட்டில் விட்டுவிட்டு வந்தால் அடுத்த வண்டிக்காரன் சாவான் என்று அப்பா கன்னத்தில் ஒன்று வைப்பார்.

மேலே அத்தை படிக்கட்டில் நின்றார். "என்னடா காரு இது, பேரென்ன?"

"ரைஸ், அத்த."

"ரைஸா? சோத்துக்காரா?" என்று காரைச் சுற்றிவந்து, அப்புறம் என் கையைப் பார்த்தார். "அது என்ன கல்லு?"

மகன் கண்ணாடியை இறக்கினான். "பதின்மூணு எட்டுக்கு எறங்கிருச்சுப்பா" என்றான் துக்கமாக.

கல்லைக் காருக்கு முன்னால், வலது டயருக்குக் கீழே வைத்தேன். திரும்பிப் போக வண்டி இறக்கம் பார்த்து நின்றது, அந்தப் பக்கம்தான் வைக்க வேண்டும்.