சும்மா வந்த தோட்டம்

செலவில்லாமல் தோட்டம் போட ஸ்கூடாயைவிட நல்ல ஊர் கிடையாது. பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகை மேலே இருக்கிறோம். வெயிலுக்கு விடுமுறை இல்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுவதால் தண்ணீர் பில்லும் ஏறாது. குச்சியை நட்டாலும் துளிர்த்துவிடும். இங்கே காசு கேட்பவை இரண்டுதான்: மண்ணும் குடும்பமும்.

எங்கள் டெரஸ் வீட்டில் கார் போர்ச் போக மிஞ்சுவது நாலு பாய் விரிக்கிற இடம். அதில் அம்மாவுக்குக் கறிவேப்பிலை, மனைவிக்கு மல்லிகை, மகளுக்கு மணல்குழி, மகனுக்குப் பந்துத் திடல். நான் கேட்டது ஒரு நாற்காலி போட இடம். ஒதுக்கிய தொகை 200 வெள்ளி.

வீடு கட்டிய குத்தகையாளர் மிச்சம்மீதி எல்லாவற்றையும் செம்மண்ணால் மூடிவிட்டுப் போயிருந்தார். மண்வெட்டியைப் போட்ட இடமெல்லாம் ‘டங்’. உடைந்த செங்கல், சிமெண்டுக் கட்டி, பிறகு நீல நிறக் குளியலறை ஓடுகள். கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கைத் தோண்டியபோது கோயில் கிடைத்த மாதிரி நம் வீட்டில் கக்கூஸ் கிடைத்திருக்கிறது என்று மகன் பள்ளிக்கூடத்தில் அறிவித்துவிட்டான். கறுப்பு மண் மூட்டைகளுக்கே பாதிப் பணம் போனது. மீதியெல்லாம் இலவசம். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்.

மச்சான் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர். சம்பளம் டாலரில் வரும், அன்பளிப்பு பழைய டயரில் வரும். “சாயம் அடிச்சா பூச்சட்டி, கவுத்துப் போட்டா ஸ்டூலு. காசா பணமா, மச்சான்?” என்றார். டயரில் தேங்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் பிரசவ விடுதி. முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் சுகாதார அதிகாரி 500 வெள்ளி தண்டம் எழுதலாம். அந்தக் காசில் இன்னும் இரண்டு தோட்டம் போட்டு மிச்சமும் பிடிக்கலாம். மனைவி டயர் முழுக்க ஓட்டை போட்டாள். அப்படியும் நம்பாமல், மழை விட்டதும் அம்மா டார்ச் லைட்டோடு ரோந்து போவார். அவருடைய சாயங்கால சீரியல் அதோடு போச்சு.

அம்மா எஸ்டேட்டில் வளர்ந்தவர். 1974இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டம் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொன்னார் அல்லவா? “அவரு சொல்றதுக்கு முன்னாடியே எங்க லயத்துக்குப் பின்னாடி கத்திரிக்கா காய்ச்சுது” என்பார். அரசாங்கத்தையே முந்தியவரிடம் ஆலோசனை சொல்ல நான் யார்?

மணல்குழியில் மகள் ஆடியதைவிடத் தெருப் பூனைகள் ஒதுங்கியதுதான் அதிகம். மகனுடைய தொல்லியல் அறிக்கை ஒருவழியாக மெய்யானது.

எதிர்வீட்டுச் சீன அங்கிள் அன்னாசித் தலைகளைக் கொடுத்தார். பக்கத்துப் பொந்தியானில் அன்னாசிக்குப் பேர்போன பெக்கான் நெனாஸ் இருக்கும்போது மறுக்க முடியுமா? காய்க்க ஒன்றரை வருஷமாவது ஆகும். முள் மட்டும் உடனே தயார். பந்து திடலை விட்டு வெளியேறியது.

பக்கத்து வீட்டு மாக்சிக் செராய், லெங்குவாஸ், பாண்டான் மூன்றையும் வேரோடு தந்தார். கூடவே தினசரி மேற்பார்வையும் வந்தது. “ஏன் வாடியிருக்கு?” என்று வேலிக்கு மேலிருந்து கேட்பார். என்னைத்தான் கேட்கிறார் என்று முதலில் நினைத்தேன். என் நாற்காலி இப்போது வேலியோரமாக நகர்ந்து, அம்மா மாக்சிக்கோடு மலாயில் ஊர்வம்பு பேசும் ஆசனமாகிவிட்டது.

கறிவேப்பிலை செழித்ததும் மாக்சிக் மீன்கறிக்கு இரண்டு கொத்து பறித்தார். பதிலுக்கு ஒரு தட்டு நிறையக் குவே வந்தது. வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா உளுந்து ஊறப்போட்டு வடை சுட்டார். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் மாக்சிக் வீட்டிலும் இல்லை. அந்தத் தட்டு இன்னும் யாரிடமும் காலியாக நின்றதில்லை. அங்கிள் வீட்டிலிருந்தும் ஒரு தட்டு கிளம்பியிருப்பதாகத் தகவல்.

தோட்டம் 200 வெள்ளிக்குள் முடிந்துவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உளுந்தும் எண்ணெயும் மளிகைக் கணக்கு.