ரஃப் நோட்டிலிருந்து ஃபேர் நோட்டுக்கு: காஞ்சிபுரத்து ஆங்கிலக் கட்டுரைகளின் திருத்த மரபு குறித்து ஓர் ஆய்வு

ஆங்கிலக் கட்டுரை என்பது ரஃப் நோட்டில் பிறந்து, சிவப்பு மையில் அடிபட்டு, ஃபேர் நோட்டில் முக்தி அடைவது. இம்மூன்று நிலைகளையும் எங்கள் வகுப்பில் யாரும் ஆராய முன்வராததால் இப்பொறுப்பு இவ்வாய்வாளரின் தலையில் விழுந்தது. இவர் பதினொன்றாம் வகுப்பு, கடைசிக்கு முந்தைய பெஞ்ச். முன்னால் உள்ளவர்களின் நோட்டுகள் எல்லாம் கண்ணில் படும் இடம் என்பதால் தரவுகளுக்குக் குறைவில்லை.

முன்னோர் மரபிலிருந்து தொடங்குவதே முறை. திருத்தத்துக்குப் பேர்போன இடம் இவ்வூரில் குமரக்கோட்டம். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் பாடியபோது, நாளுக்கு நூறு பாட்டு எழுதி, ஏட்டை இரவில் கருவறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவாராம். காலையில் திறந்தால் முருகனே திருத்தி வைத்திருப்பானாம். நூலில் உள்ளவை 10,345 பாட்டுகள் என்பார்கள். வகுத்துப் பார்த்தால் 104 இரவுகள். ஒருநாள்கூட ‘அடுத்த வாரம் தருகிறேன்’ என்று முருகன் சொன்னதாகக் கதையில் இல்லை. எங்கள் நோட்டுகள் திரும்பிவர எடுக்கும் காலத்தை இதனோடு ஒப்பிடுவது நியாயமாகாது. முருகனுக்கு ஒரே மாணவர். தேர்தல் பணியும் கிடையாது.

அடுத்து நடந்ததுதான் ஆய்வுக்கு முக்கியம். அரங்கேற்றத்தில் முதல் சொல்லே ‘திகடசக்கரம்’. ‘திகழ்’ என்பதும் ‘தசம்’ என்பதும் சேர்ந்தால் இப்படிப் புணர எந்த இலக்கணத்தில் விதி என்று சபையில் ஒருவர் எழுந்து கேட்டுவிட்டார். அடி எடுத்துக் கொடுத்தது முருகன் என்று கச்சியப்பர் சொன்னது எடுபடவில்லை. மறுநாள் சோழநாட்டிலிருந்து ஒரு புலவர் வந்து, வீரசோழியத்தைப் பிரித்து விதியைக் காட்டிய பிறகே சபை அடங்கியது என்கிறது கதை. வந்தவரும் முருகன்தான் என்பார்கள். வீரசோழியமோ பௌத்தரான புத்தமித்திரர் இயற்றியது. இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. ‘சார்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தார்’ என்ற வாதம், அந்த சார் கடவுளாகவே இருந்தாலும், எடுபடாது. கடவுளே ஆனாலும் கைடைக் காட்டித்தான் தப்பிக்க வேண்டும்.

இவ்வூரில் ஆங்கிலம் எழுதுவதைப் பற்றிப் பேசிவிட்டு அண்ணாவை விட்டுவிட முடியாது. இங்கே பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். 1957இல் ‘ஹோம் லேண்ட்’ என்று ஆங்கில வார இதழே தொடங்கியவர். ‘பிகாஸ்’ என்ற சொல்லை மூன்று முறை அடுத்தடுத்து வைத்து ஒரே வாக்கியம் சொன்னார் என்று எல்லா ஆங்கில ஆசிரியர்களும் ஒரு கதை சொல்வார்கள். அதே வாக்கியத்தை எங்கள் நோட்டில் எழுதினால் இரண்டு ‘பிகாஸ்’ அடிபடும்.

இனி சிவப்பு மை. நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று நன்னூலில் பவணந்தியார் வகுத்து வைத்திருக்கிறார். ஐந்தாவது வழூஉச்சொற் புணர்த்தல், அதாவது பிழையான சொல்லைச் சேர்ப்பது. நோட்டுகளைப் புரட்டிப் பார்த்ததில், சிவப்பு மை பிடிப்பது இந்த ஐந்தாவதை மட்டுமே. டென்ஸ், ஆர்ட்டிக்கிள், ஸ்பெல்லிங் எல்லாம் அதில் அடங்கும். மற்ற ஒன்பது குற்றவாளிகளும் ‘சீன்’ என்ற கையெழுத்தோடு விடுதலையாகிறார்கள். பெரிதாகத் தொடங்கி, மணி அடிக்கும் நேரத்தில் இரண்டு வரியில் முடியும் கட்டுரைக்குச் சென்றுதேய்ந்திறுதல் என்று பெயர். அதைச் செய்யாதவர் வகுப்பில் யாருமில்லை. அதற்காக மதிப்பெண் இழந்தவரும் இல்லை. சொல் இருந்து பொருள் இல்லாத வெற்றெனத் தொடுத்தலுக்கோ ‘குட்’ கிடைக்கிறது.

சான்றுக்கு ‘என் ஊர்’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். வகுப்பு முழுவதும் ஃபேர் நோட்டின் முதல் வரி ஒன்றே: காஞ்சிபுரம் ஆயிரம் கோயில்களின் நகரம். இரண்டாம் வரி: பட்டுச்சேலை உலகப் புகழ் பெற்றது. இதே தலைப்பில் பிள்ளையார்பாளையத்து நண்பன் ஒருவனின் ரஃப் நோட்டில் வேறு செய்தி இருந்தது. மழை விடவில்லை, தெருவில் பாவு நீட்ட முடியவில்லை, தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டது, அப்பா திண்ணையில் உட்கார்ந்து வானத்தைத் திட்டுகிறார். நான்கு வரியில் ஆறு பிழை. ‘பாவு’ என்று அப்படியே எழுதியிருந்ததற்குக் கேள்விக்குறி. அவன் ஃபேர் நோட்டில் பிழை ஒன்றுகூட இல்லை. மழையும் இல்லை, அப்பாவும் இல்லை.

தறியில் இப்படி நடப்பதில்லை. ஊடை ஒன்று தப்பினால் அங்கேயே நிறுத்தி, பிரித்து, மறுபடி ஓட்டுவார்கள். கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் நின்று கரைக்கு நாடா தள்ள ஓர் ஆள் உண்டு. பிழை முதலில் அவர் கண்ணில்தான் படும். சேலை முடிந்தபின் தெரிந்தால் பயன் என்ன, கூலியில் பிடிப்பார்கள், அவ்வளவுதான். நாங்களோ முழுச் சேலையையும் நெய்து கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பிழையை அறிகிறோம். பரிகாரமாகப் பிழையான சொல்லைப் பத்து முறை எழுதுகிறோம். எழுதும்போதே பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்த்துச் சொன்னால் தறியில் அதற்குக் கூலி. வகுப்பில் அதற்குப் பெயர் காப்பி. இருவரும் வெளியே நிற்க வேண்டும்.

நோட்டுகளைக் குமரக்கோட்டத்தில் இரவு வைத்து எடுக்கும் திட்டமும் பரிசீலிக்கப்பட்டது. முருகனுக்கு ஆங்கில இலக்கணத்தில் உள்ள பயிற்சி குறித்துச் சான்று கிடைக்காததாலும், குருக்கள் சம்மதிக்க மாட்டார் என்பதாலும் கைவிடப்பட்டது.

களஆய்வின் ஒரு பகுதியாக அந்த நண்பனையே பேட்டி கண்டேன். “பாவு, தறிக்குழி எல்லாம் ஏண்டா எடுத்துட்ட? அதான் நல்லா இருந்துச்சு.”

“எடுக்கலடா, வச்சிருக்கேன். ‘ஒரு மழைநாள்’னு ஒரு கட்டுரை எப்படியும் வரும். அதுல போட்டுக்கலாம்.”

ஆய்வுலகம் கவனிக்க வேண்டிய தொலைநோக்கு. அரையாண்டுத் தேர்வுக்கு முன் ‘ஒரு மழைநாள்’ வந்தது. கைடில் காகிதக் கப்பல் இருந்தது. வகுப்பு முழுவதும் கப்பல் விட்டது; அவனும் விட்டான். ஆர்ட்டிக்கிள் எல்லாம் சரி. ‘வெரி குட்’ வாங்கினான்.