பூட்டு உடைந்த இடம்

கேள்வி: ஐயா, இருதய வால்வில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தங்கிய என் சித்தப்பாவுக்கு, ஊசியால் காய்ச்சல் தணிந்த பிறகும், பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். நோய் நெஞ்சில், சோதனை வயிற்றிலா? (நாகல்நகர் வாசகர், திண்டுக்கல்)

பதில்: பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர் தாங்கள், திருடன் கூடத்தில் பிடிபட்டாலும், அவன் பூட்டை உடைத்த கொல்லைக் கதவைப் பாராமல் எந்த வீட்டுக்காரர் நிம்மதியாக உறங்குவார்? அக்கிருமியினத்தில், முன்பு 'போவிஸ்' என்றும் இப்போது 'காலோலிட்டிகஸ்' என்றும் வழங்கும் வகை குடலில் வாசம் செய்வது; அங்கே கட்டி தோன்றிச் சுவர் பழுதுபட்டால், அவ்வழியே இரத்தத்தில் கலந்து வால்வில் குடியேறிவிடுகிறது. 1977-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், பெருங்குடல் புற்றுநோயாளர் 63 பேரில் 35 பேரின் மலத்தில் இக்கிருமி இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த 105 பேரிலோ 11 பேரிடமே. கிருமி கட்டியை வளர்க்கிறதா, கட்டி கிருமியை வரவேற்கிறதா என்ற விவாதம் முற்றுப்பெறவில்லை. குடலின் இரத்தம் முதலில் கல்லீரலுக்கே செல்வதால், அது சுருங்கிக் கெட்டவர்களுக்கும், வடிகட்ட ஆளின்றி, இதே அபாயம் உண்டு. ஆகவே கல்லீரலையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

குடல் சோதனைக்கு முந்தின நாள் பேதி மருந்தைக் குடித்தாக வேண்டும்; பிரியாணி ஆகாது. வயிறு வலிக்கவில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். கட்டி சிறிதாயிருக்கும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை, எளிதில் அகற்றத்தக்க காலமும் அதுவே.