எர்த் சும்மாதானே இருந்துச்சு

ஓய்வு பெற்ற ஆண்களில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் உண்டு, சுவிட்ச் போர்டைக் கழற்றுகிறவர்களும் உண்டு. என் மாமனார் நடக்க மாட்டார்.

மதுரையில் அவர் வீடு. மற்றவர்கள் பேனா செருகுகிற பையில் அவர் டெஸ்டர் வைத்திருப்பார். கல்யாணத்துக்கும் அதோடுதான் வருவார். மண்டபத்தில் சீரியல் செட் அணைந்தால் பாயசத்தைக்கூட விட்டுவிட்டு எழுந்துவிடுவார். எலக்ட்ரீசியனைக் கூப்பிடலாமே என்று யாராவது வாயெடுத்தால், 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதியைச் சொல்வார். வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் போன்றவற்றைத் திறனும் தன்மையும் மாறாமல் மாற்றிக்கொள்வதற்கு மட்டும் விலக்கு உண்டு என்கிறது அந்த விதி. விதிப் புத்தகம் பிறகு மாறிவிட்டது, விலக்கு தொடர்கிறது. மாமாவுக்கு விலக்கு மட்டும் மனப்பாடம்.

அவர் கைபட்ட வீட்டில் தங்க வருகிறவருக்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். ஹால் ஃபேனுக்கு சுவிட்ச் படுக்கையறையில். பாத்ரூம் லைட்டைப் போட்டால்தான் காலிங் பெல்லுக்குக் கரண்ட் வரும். அதாவது கதவைத் திறக்க வேண்டியவர் குளித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் மணி அடிக்கும்.

மாடிப்படி எல்இடி பல்பு, அணைத்த பிறகும் மின்மினி மாதிரி மங்கலாக எரியும். "நைட் லேம்ப் தனியா எதுக்கு? ரெண்டு வேலையையும் இதுவே பாக்குது" என்று அத்தையிடம் பெருமை பேசினார். ஃபேஸில் இருக்க வேண்டிய சுவிட்ச் நியூட்ரலில் உட்கார்ந்திருந்ததுதான் விஷயம். அப்படி மாட்டினால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். சுவிட்சை அணைத்துவிட்ட தெம்பில் பல்பு மாற்ற ஏறுகிற அப்பாவிக்குத்தான் அது தெரியவரும்.

ஃப்யூஸ் கதை இன்னும் விசேஷம். பீங்கான் கட்டை, அடிக்கடி போனது. சலித்துப்போய்க் கம்பியை நாலு இழையாகத் திரித்துப் போட்டார். அதன்பின் ஃப்யூஸ் போகவே இல்லை. கிரைண்டர் பிளக்குக்குப் போகிற வயர்தான் சுவருக்குள்ளேயே கருகிப் போனது. உருகுவதற்கென்றே வைத்த கம்பியை உருகவிடாமல் செய்தால் வேறு ஏதோ ஒன்று உருகித்தானே ஆகும்?

என் மனைவி அன்றைக்கே எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டாள். காலையிலிருந்து "பக்கத்துல வந்துட்டேன்க்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் சாயங்காலம் வந்தார். போர்டைத் திறந்ததும் அந்தத் தொழிலில் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: "யாருண்ணே இந்த வேலை பாத்தது?"

மாமா தினசரியை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தார்.

எலக்ட்ரீசியன்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வயரைப் பல்லால் கடித்து உரிப்பவர்களும், டேப் சுற்றிவிட்டு முழுக்கூலி கேட்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். வயர்மேன்களுக்கு அரசு தகுதிச் சான்றிதழ் தருகிறது. அதைக் கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். எங்களுக்கு வந்தவர் கெட்டிக்காரர். ஃப்யூஸ் கட்டையைத் தூக்கிவிட்டு எம்சிபியும் ஆர்சிசிபியும் மாட்டினார்.

ஆர்சிசிபி நிற்கவே இல்லை. தூக்கிவிட்ட கையோடு டப்பென்று விழுந்தது. வீட்டுக்குள் போகிற கரண்ட் அவ்வளவும் திரும்பி வருகிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. வீடுகளில் மாட்டுவது, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே நாம் சுதாரிப்பதற்குள் துண்டித்துவிடும். ஒரு 9 வாட் எல்இடி பல்பு இழுப்பதே அதைவிட அதிகம்.

"எங்கயோ போறது திரும்பி வரலண்ணே" என்றார் எலக்ட்ரீசியன். ஒவ்வொரு போர்டாகக் கழற்றினார். பாத்ரூம் போர்டில் கை வைத்தபோது தினசரிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு நியூட்ரல் எட்டல மாப்ளே. எர்த் சும்மாதானே இருந்துச்சு."

சும்மா இருக்கத்தான் எர்த்தே போடுகிறார்கள். கீசர் கசிகிற அன்றைக்கு மட்டும்தான் அதற்கு வேலை. அந்தக் கம்பி வழியில் எங்காவது அறுந்திருந்தால், ஃபேன் சுவிட்ச் போட்டிருக்கிற நேரமெல்லாம் கீசர், வாஷிங் மிஷின் உடம்பில் கரண்ட் ஏறியிருக்கும். இத்தனை நாள் வீட்டில் எல்லோரும் குளித்தது மாமாவின் திறமையால் அல்ல, மீனாட்சி புண்ணியத்தால்.

இப்போது மாமாவுக்கு ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறோம். ஆர்சிசிபியில் டெஸ்ட் பட்டன் என்று குட்டியாக ஒன்று இருக்கும். மாதம் பிறந்ததும் அதை அவர்தான் அமுக்குவார். வீடு இருண்டால் கருவி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் வீட்டிலும் அமுக்கிப் பாருங்கள், இதற்கு எந்த லைசென்ஸும் வேண்டாம். அமுக்கியும் கரண்ட் போகவில்லையென்றால், தயவுசெய்து நீங்களே கழற்றிப் பார்க்காதீர்கள்.